மதினிய யாரு பாத்துக்கிறது?

எங்க அம்மாவுக்கு அல்சைமர்னு, அதாவது டிமென்ஷியாங்கிற மறதி நோயில ஒரு வகைன்னு, நரம்பு டாக்டர் சொல்லி சில வருஷம் ஆகுது. அம்மா மதுரையில அண்ணன் வீட்டுல இருக்காங்க, எனக்கு சென்னையில வேலை, அதனால பாத்துக்கிறதுன்னா அது முழுக்க எங்க மதினிதான், அண்ணன் சம்சாரம். குளிப்பாட்டுறது, ஊட்டுறது, துணி மாத்துறது, ராத்திரி மூணு மணிக்கு வாசக்கதவ ஆட்டிக்கிட்டு நிக்கிறவங்கள பேசிப் பேசி கூட்டிட்டு வந்து படுக்க வைக்கிறது எல்லாம். டிமென்ஷியா வந்தவங்கள எப்படிப் பாத்துக்கணும்னு டாக்டருங்க நிறைய சொல்லிட்டாங்க, அத நான் திரும்ப எழுதல. அவங்கள பாத்துக்கிறவங்கள மிச்ச குடும்பம் எப்படித் தாங்கணும், அதுல எங்க வீட்டுல எது வேலைக்கு ஆச்சு எது ஆகலன்னு மட்டும் எழுதுறேன். ஏன்னா 2023ல வெளியான ஒரு பெரிய ஆய்வுல இந்தியாவுல 60 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேருன்னு கணக்குப் போட்டிருக்காங்க, ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு கூட, டவுன விட கிராமத்துல கூட. இந்த 88 லட்சம் பேருல முக்கால்வாசிப் பேரு வீட்டுலதான் இருப்பாங்க, பக்கத்துல ஒரு மருமகளோ மகளோ வயசான புருஷனோ தூக்கம் இல்லாம உக்காந்திருப்பாங்க, அவங்களுக்குன்னு கணக்கு எதுலயும் ஒரு கட்டம் கிடையாது.

முதல்ல சொல்ல வேண்டியது சொந்தக்காரங்க விஷயம். வேலை பாத்து ஆளு உடைஞ்சு போறத விட பேச்சு கேட்டு உடைஞ்சு போறதுதான் அதிகம்னு நான் கண்ணால பாத்தேன்.

அம்மாவுக்கு ஒரு ஜோடி சிவப்புக்கல் தோடு, அப்பா வாங்கிக் குடுத்தது. ஒரு நாள் அதக் காணோம். அம்மா தேனியில இருக்கிற சித்திக்கு போன் போடச் சொல்லி, "இவ எடுத்து அவ அம்மா வீட்டுக்கு குடுத்துட்டா, எனக்கு சோறு கூட போட மாட்டேங்கிறா"ன்னு அழுதிருக்காங்க. அந்த போன போட்டுக் குடுத்ததே மதினிதான், பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. சித்தி அதோட விடல, அங்க இங்கன்னு நாலு பேருக்கு சொல்லி, ஒரு வாரத்துல சொந்தம் பூராம் "பெரியவள பட்டினி போடுறாளாமே"ன்னு பேச்சு ஓடிருச்சு. தோடு அரிசி டின்னுக்குள்ள இருந்துச்சு, ஒரு கைக்குட்டையில முடிஞ்சு, அதுக்கு மேல நியூஸ்பேப்பர சுத்தி, ரப்பர் பேண்ட் போட்டு. உலை வைக்க அரிசி அள்ளும்போது மதினி கையில தட்டுப்பட்டிருக்கு. எடுத்து அம்மாகிட்ட குடுத்தா "பாத்தியா, பயந்துக்கிட்டு திருப்பி கொண்டாந்து வச்சுட்டா"ன்னு சொல்லிட்டாங்க.

இது அம்மாவோட குணம் இல்ல. இந்த நோயில ரொம்பப் பேருக்கு வர்ற ஒரு அறிகுறி இது. ஒரு பொருள வச்ச இடம் மறந்து போகுது, மறந்துட்டோம்ங்கிறதும் தெரியல, அப்ப பொருளக் காணோம்னா யாரோ எடுத்துட்டாங்கன்னுதான மனசு முடிவு பண்ணும், யாரு எடுத்திருப்பாங்கன்னா கூடவே இருக்கிற ஆளுதான். சாப்பாடும் அதே மாதிரிதான், சாப்பிட்டு தட்டு கழுவி வச்ச பத்து நிமிஷத்துல சாப்பிட்டது மறந்து போயிரும், அவங்களப் பொறுத்தவரைக்கும் யாரும் சோறு போடல. பொய் சொல்லல அவங்க. அதனாலதான் கேக்கிறவங்களுக்கு அது அவ்வளவு உண்மையா கேக்குது. யாரு ரொம்ப நல்லா பாத்துக்கிறாங்களோ அவங்க மேலதான் பழி விழும், ஏன்னா அவங்கதான் கூட இருக்காங்க.

அண்ணன் என்ன பண்ணாருன்னா டாக்டர்கிட்ட பேசி, இந்த நோயில இப்படி சந்தேகம் வரும், திருட்டுப் பழி சொல்லுவாங்க, சாப்பிடலன்னு சொல்லுவாங்கன்னு அவரையே ரெண்டு நிமிஷம் பேச வச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போட்டாரு. நான் அதுக்குக் கீழ, "அம்மா யாருகிட்ட என்ன சொன்னாலும் எனக்கு போன் பண்ணுங்க, மதினிக்கு பண்ணாதீங்க"ன்னு எழுதினேன். சித்திக்கு தனியா போன் பண்ணி ஒரு வாரம் வந்து தங்குங்கன்னு கூப்பிட்டேன். சண்டை போடல. வந்தாங்க, மூணாவது நாள் அம்மா சித்தியவே பாத்து "என் சேலைய எதுக்கு கட்டியிருக்க, கழட்டு"ன்னு கேட்டுட்டாங்க. அதுக்கப்புறம் ஊருல யாராச்சும் பேச்செடுத்தா சித்திதான் முதல்ல வக்காலத்து வாங்குறாங்க. ஒரு நா விருந்தாளியா வந்துட்டுப் போறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, புது ஆளப் பாத்தா அம்மா நல்லா சிரிச்சுப் பேசுவாங்க, பழைய கதை சொல்லுவாங்க, வந்தவங்க "நல்லாத்தான இருக்காங்க, நீதான் ரொம்ப பெருசு பண்ணுற"ன்னு சொல்லிட்டு காபி குடிச்சிட்டுப் போயிருவாங்க. தங்கிப் பாத்தாதான் தெரியும். உங்க வீட்டுல குறை சொல்ற சொந்தம் யாராச்சும் இருந்தா வாதம் பண்ணாம நாலு நாள் தங்க வைங்க.

அடுத்தது ஓய்வு. இதுல ஒரு விஷயம் எங்களுக்கு பழகித்தான் புரிஞ்சது. நான் ஊருக்குப் போனா "மதினி நீங்க படுங்க, நான் பாத்துக்கிறேன்"னு சொல்லுவேன், அவங்களும் ரூமுக்குள்ள போவாங்க. அஞ்சு நிமிஷத்துல அம்மா அவங்க பேரச் சொல்லி கூப்பிட ஆரம்பிச்சிருவாங்க. என்கிட்ட தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க, பாத்ரூமுக்கு என்கூட வர மாட்டாங்க. மதினியும் உள்ள படுத்தபடியே "அந்த ஸ்டீல் டம்ளர்ல குடுத்தாதான் குடிப்பாங்க"ன்னு குரல் குடுப்பாங்க. அது ஓய்வு இல்ல. பாத்துக்கிற ஆளு வீட்ட விட்டு வெளிய போகணும், கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்துக்கு. அதனால இப்ப நான் போறப்ப சனிக்கிழமை காலையில மதினி அவங்க அம்மா வீட்டுக்கு திருமங்கலம் கிளம்பிருவாங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் வருவாங்க. நடுவுல போன் பண்ண மாட்டேன், அவங்களும் பண்ணக் கூடாதுன்னு பேச்சு. முதல் தடவ போனப்ப அம்மா ராத்திரி பூரா "அவ எங்க, அவ எங்க"ன்னு கேட்டாங்க, சரியா சாப்பிடல, காலையில என்னைய அடிக்க கை ஓங்கினாங்க. பரவாயில்ல, ஒரு நாள் சரியா சாப்பிடலன்னா ஒண்ணும் ஆயிராது. இத மதினிகிட்ட ஒப்பிக்காம இருக்கிறதும் முக்கியம், சொன்னா அடுத்த தடவ போகவே மாட்டாங்க. "எல்லாம் நல்லா போச்சு, வந்துட்டீங்களா, சாப்பிடுங்க" அவ்வளவுதான்.

போன மதினி அங்க என்ன பண்ணாங்கன்னு அவங்க அம்மா சொன்னாங்க, வந்ததும் சாப்பிட்டுட்டு படுத்தவங்க மறுநாள் மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கலையாம், காய்ச்சலோன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தாங்களாம்.

வருஷத்துல சில தடவ நான் வர்றது மட்டும் பத்தாது. அன்னாடம் ஒரு நேரம் வேணும். முதல்ல ஒரு ஏஜென்சி மூலமா 24 மணி நேர அட்டெண்டர் வச்சோம், மாசம் 20,000க்கு மேல ஆச்சு, வந்தவங்க மாறிக்கிட்டே இருந்தாங்க, ஒவ்வொரு புது ஆளுக்கும் மதினிதான் மறுபடி முதல்ல இருந்து எல்லாம் சொல்லித் தரணும், அந்த ஆளுக்கும் சேத்து சமைக்கணும். சொல்லாம கொள்ளாம ஒருத்தங்க நின்னுட்டாங்க. அப்புறம் அத விட்டுட்டு, நாலு வீடு தள்ளி இருக்கிற ஒரு அக்காவ சாயங்காலம் நாலு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும் மட்டும் வரச் சொன்னோம். ஏன் அந்த நேரம்னா பொழுது சாயும்போதுதான் அம்மாவுக்கு அலைமோதல் ஜாஸ்தி, இந்த நோயில நிறைய பேருக்கு இப்படித்தான். நாலரை மணிக்கு ஒரு மஞ்சப்பையில ரெண்டு சேலை, சீப்பு, அப்பா போட்டோ எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு "எங்க அம்மா தேடும், ஊருக்குப் போகணும்"னு வாசல்ல நிப்பாங்க. அவங்க அம்மா செத்து நாப்பது வருஷம் ஆச்சு. அது செத்துப் போச்சுன்னு சொன்னா அன்னைக்குத்தான் செத்த மாதிரி அழுவாங்க, அதனால அத யாரும் சொல்றதில்ல. அந்த அக்கா உசிலம்பட்டி பக்கம், அம்மாவும் அந்தப் பக்கம்தான், "போகலாம்த்தா, உசிலம்பட்டி வண்டி ஏழு மணிக்குத்தான, அதுக்குள்ள இந்த கீரைய ஆஞ்சு குடு"ன்னு சொல்லி உக்கார வச்சிருவாங்க, அம்மாவும் கீரை ஆய உக்காந்தா கை தானா வேலை செய்யும், ஊருக்குப் போறது மறந்து போயிரும். நாலு மணி நேரத்துக்கு குடுக்கிற சம்பளம் ஏஜென்சிக்கு குடுத்ததுல பாதி கூட இல்ல. ஊர்ப்பேச்சு தெரிஞ்ச ஆளு, தெருவுலயே இருக்கிற ஆளு, தினம் அதே முகம், இந்த மூணும் சர்ட்டிபிகேட்ட விட பெருசு. (படுத்த படுக்கையா, டியூப் போட்டு இருக்கிறவங்களுக்கு இது பொருந்தாது, அவங்களுக்கு பயிற்சி எடுத்த ஆளுதான் வேணும்.)

அந்த நாலு மணி நேரத்துல மதினி சமையலோ துணி துவைக்கிறதோ பண்ணக் கூடாதுன்னு அண்ணன் கண்டிஷன் போட்டாரு. கோயிலுக்குப் போறாங்க, பக்கத்துத் தெருவுல ஒரு தையல் கிளாஸ், சில நாள் சும்மா மாடியில உக்காந்திருக்காங்க.

அண்ணன பத்தியும் சொல்லணும். பொம்பளைய பாத்துக்கிறதுக்கு பொம்பளைதான் வேணும்னு நம்ம வீடுகள்ல ஆம்பளைங்க எல்லாரும் ஒதுங்கிருவாங்க. குளிப்பாட்டுறது, துணி மாத்துறது அம்மாவுக்கு மகன் செஞ்சா கூச்சம்தான், அது நியாயம். ஆனா அது போக எவ்வளவோ இருக்கு. ராத்திரிய அண்ணன் எடுத்துக்கிட்டாரு. அம்மா ரூம்ல அவருதான் படுக்கிறாரு, மதினி வேற ரூம்ல கதவச் சாத்திட்டு படுக்கிறாங்க, துணி நனைஞ்சிருந்தா மட்டும் எழுப்புவாரு. தூக்கம் கெட்டுப் போறதுதான் பாத்துக்கிறவங்கள முதல்ல சாய்க்கிற விஷயம், வேற எது முடியலன்னாலும் வாரத்துல ரெண்டு மூணு ராத்திரியாச்சும் வேற யாராச்சும் எடுத்துக்கங்க.

மதினிக்கு பிபி இருக்கு, தைராய்டும் இருக்கு. அம்மா மாத்திரை ஒரு வேளை தவறினதில்ல, அவங்க மாத்திரை அட்டை மட்டும் வாங்கினபடியே கிடக்கும். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல அரசு ஆரம்பிச்ச திட்டத்துல ஒரு தன்னார்வலர் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு பிபி பாத்து மாத்திரை குடுத்துட்டுப் போவாங்க, அவங்ககிட்டயே சொல்லி மதினியோட பேரையும் சேத்துட்டோம். இப்ப வரும்போதெல்லாம் ரெண்டு பேருக்கும் பாக்குறாங்க. ஆஸ்பத்திரிக்கு போக நேரம் இல்லங்கிற சாக்கே இல்லாம போச்சு. உங்க ஏரியாவுல கேட்டுப் பாருங்க, சுகர் பிபிக்கு மட்டும் இல்ல, படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வலி நிவாரண சிகிச்சை, பிசியோதெரபியும் அந்த திட்டத்துல வீட்டுக்கே வர்றாங்க.

தூரத்துல இருக்கிற நாங்க என்ன செய்யிறது, பணம் மட்டும் அனுப்பிட்டா முடிஞ்சுதான்னு நிறைய பேரு கேக்கிறாங்க. பணம் முக்கியம், அதுவும் கேக்காம வரணும். மதினி ஒவ்வொரு தடவையும் "டயப்பர் தீந்துருச்சு"ன்னு சொல்லி கை நீட்டுற நிலைமை வரவே கூடாது. எங்க வீட்டுல அம்மா செலவுக்குன்னு தனி கணக்கு, அஞ்சாம் தேதிக்குள்ள நாங்க எல்லாரும் அவங்கவங்க பங்க போட்டுருவோம், ஏடிஎம் கார்டு மதினி கையில, கணக்கு யாரும் கேக்கிறதில்ல. இது போக, போன்லயும் கம்ப்யூட்டர்லயும் செய்ற வேலை அத்தனையும் நான் எடுத்துக்கிட்டேன். மருந்து ஆர்டர், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், பேங்க், பென்ஷன், வரி.

இதுல சிலது விவரமாவே சொல்லணும், ஏன்னா இதுக்கு அலையிறவங்கள பாத்துக்கிட்டே இருக்கேன். அம்மாவுக்கு குடும்ப பென்ஷன், உயிரோட இருக்காங்கன்னு காட்ட வருஷா வருஷம் நேர்காணல் உண்டு. கூட்டிட்டுப் போனா ஆட்டோவுல இருந்து இறங்கவே மாட்டாங்க. போஸ்ட் ஆபீஸ்ல சொன்னா தபால்காரரே வீட்டுக்கு வந்து டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுத்துக் குடுக்கிறாரு, கொஞ்சம் கட்டணம் உண்டு. வயசானவங்களுக்கு கைரேகை பதியாது, அப்ப முகத்த வச்சு எடுக்கிற வழியும் இருக்கு, கேட்டு வாங்குங்க. வருமான வரியில பழைய முறையில இருக்கிறவங்களுக்கு சில நோய்களோட சிகிச்சை செலவ கழிச்சுக்கிற சலுகையில (1961 சட்டத்துல 80டிடிபி பிரிவு) டிமென்ஷியாவும் உண்டு, பாதிப்பு 40 சதவீதமும் அதுக்கு மேலயும்னு நரம்பு டாக்டர் எழுதிக் குடுக்கணும், நம்மள நம்பி இருக்கிற 60 வயசு தாண்டின அம்மா அப்பாவோட சிகிச்சைக்கு உண்மையில செலவழிச்சதுல ஒரு லட்சம் வரைக்கும் கழிச்சுக்கலாம்.

அப்புறம் பவர் பத்திரம். பவர் எழுதி வாங்கிட்டா கடைசி வரைக்கும் எல்லாத்தையும் பாத்துக்கலாம்னு நினைக்கிறவங்க ரொம்பப் பேரு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 201வது பிரிவுப்படி எழுதிக் குடுத்தவருக்கு சித்த சுவாதீனம் போயிட்டா அந்த பவரும் முடிஞ்சு போச்சு. அதனால நோய் ஆரம்பத்துல, அவங்களுக்கு விஷயம் புரியிற காலத்துலயே, டெபாசிட்ட ஜாயின்ட் பண்றது, நாமினி போடுறது, உயில் எழுதுறதுன்னா எழுதுறது எல்லாத்தையும் முடிச்சிருங்க. அந்தக் காலம் தாண்டிட்டா ஹைகோர்ட்டுல மனு போட்டு கார்டியனா நியமிக்கச் சொல்லிக் கேக்கிற அளவுக்குப் போகுது. எங்க சொந்தத்துலயே ஒரு வீட்டுல பெரியவர் பேருல பணம் இருந்தும் அவரு வைத்தியத்துக்கே எடுக்க முடியாம கடன் வாங்கினாங்க.

இப்ப மருத்துவம் பத்தி ஒண்ணு, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. கூடவே இருக்கிறவங்க சொல்றத டாக்டரும் கேக்கணும், குடும்பமும் கேக்கணும். ஒரு தடவ அம்மா திடீர்னு ரெண்டு நாளா தூங்கல, செவுத்துல ஆள் நிக்கிதுன்னாங்க, கட்டில விட்டு விழப் பாத்தாங்க. போன்ல கேட்ட ஒரு டாக்டர் நோய் முத்திருச்சு, தூக்க மாத்திரைய கூட்டிக் குடுங்கன்னுட்டாரு. மதினி ஒத்துக்கல. "இது நோய் இல்ல, அத்தை முந்தாநாள் வரைக்கும் இப்படி இல்ல, ஒண்ணுக்குப் போறப்ப முகம் சுளிக்கிறாங்க, யூரின் டெஸ்ட் பண்ணியே ஆகணும்"னு நின்னாங்க. டெஸ்ட்ல கிருமித் தொற்று தெளிவா வந்துச்சு, ஆன்டிபயாடிக் குடுத்ததும் நாலஞ்சு நாள்ல பழைய அம்மாவா ஆயிட்டாங்க. அல்சைமர் மாசக்கணக்குல மெதுவாத்தான் இறங்கும், ஒரு நாள் ரெண்டு நாள்ல தலைகீழா மாறினா வேற காரணம் இருக்கும்னு அர்த்தம். யூரின் இன்பெக்‌ஷன், மலச்சிக்கல், நீர்ச்சத்து குறையிறது, கீழ விழுந்து தலையில அடி, புதுசா சேத்த மாத்திரை. சளிக்கு குடுக்கிற குளோர்பெனிரமைன் மாதிரி சாதாரண மாத்திரை கூட இவங்களுக்கு குழப்பத்த கூட்டும். அடக்குறதுக்குன்னு குடுக்கிற மனநோய் மாத்திரைங்க டிமென்ஷியா உள்ள வயசானவங்களுக்கு உயிர் ஆபத்த கூட்டுதுன்னு 2005லயே அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எச்சரிக்கை குடுத்திருக்கு. சில சமயம் வேற வழி இல்லாம தேவைப்படும், நாமளா நிறுத்தவும் கூடாது, ஆனா எதுக்கு, எவ்வளவு நாளைக்கு, எப்ப குறைப்பீங்கன்னு கேக்கலாம். அந்தக் கேள்விய மதினி தனியா போய் கேட்டா "நீ டாக்டரா"ன்னு ஒரு பார்வை வரும், அதனால டாக்டரப் பாக்கப் போறப்ப அண்ணனும் கூடப் போறாரு. மதினி ஒரு நோட்டுல எழுதி வச்சிருப்பாங்க, எப்ப தூங்கினாங்க, எப்ப வெளிக்குப் போனாங்க, எப்ப கத்தினாங்கன்னு, அத டாக்டர் டேபிள் மேல விரிச்சு வச்சிருவோம். ஒரு நல்ல டாக்டர் அத பாத்துட்டு, "நான் பாக்குறது பத்து நிமிஷம், நீங்க எழுதினதுதான்மா எனக்கு ரிப்போர்ட்"ன்னாரு, அன்னைக்கு மதினி முகத்த பாக்கணுமே.

பாத்துக்கிறவங்க கூட சும்மா உக்காந்து பேசுறதால என்ன ஆகப் போகுதுன்னு அண்ணன் ஆரம்பத்துல கேட்டாரு. கோவாவுல 81 குடும்பங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2008ல வெளியிட்டாங்க. டாக்டருங்க இல்ல, உள்ளூர் ஆளுங்களுக்கே கொஞ்சம் பயிற்சி குடுத்து, வீடு வீடா அனுப்பி, நோய் என்னன்னு விளக்கி, கோவம் வந்தா எப்படி சமாளிக்கிறதுன்னு சொல்லி, அவங்க கஷ்டத்த உக்காந்து கேட்டு, தேவைப்பட்டா டாக்டரயும் அரசு உதவியையும் காட்டி விட்டாங்க. ஆறு மாசத்துல பாத்துக்கிறவங்களோட மனசு நிலைமை நல்லா முன்னேறியிருந்துச்சு. ஒரு ஆளு வீடு தேடி வந்து சொல்லிக் குடுத்து, உக்காந்து கேட்டதுலயே மாற்றம் வந்திருக்கு. நம்ம ஊருல அப்படி யாரும் கதவத் தட்ட மாட்டாங்க, நாமதான் தேடணும். சென்னையில ஸ்கார்ஃப்ங்கிற மனநல அமைப்புல டிமென்ஷியாவுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, ஏஆர்டிஎஸ்ஐங்கிறது அல்சைமர் மாதிரி நோய்களுக்காக 1992ல கேரளாவுல ஆரம்பிச்ச சங்கம், சென்னையிலயும் கிளை இருக்கு. முதியோருக்கான உதவி எண் 14567, மனநலத்துக்கு டெலிமானஸ் 14416, இது ராத்திரியிலயும் உண்டு. மதினி ஒரு ராத்திரி அந்த நம்பருக்கு பேசினாங்க, தமிழ்லயே பேசினாங்களாம், அழ விட்டு கேட்டாங்களாம். என்கிட்ட சொல்லாதத அங்க சொல்லியிருக்காங்கன்னு எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு, நாத்தனார்கிட்ட மாமியார பத்தி எல்லாத்தையும் சொல்லிற முடியுமா.

மதினி என்கிட்ட சொன்னது ஒண்ணு, "அத்தை சீக்கிரம் போயிட்டா நல்லாருக்கும்னு சில ராத்திரி தோணுது, அப்புறம் அப்படி நினைச்சுட்டோமேன்னு தூக்கம் வர்றதில்ல." நான் சொன்னேன், எனக்கும் தோணியிருக்கு மதினி, அவங்க வயித்துல பொறந்த எனக்கே. இத கேட்டு யாரும் அதிர்ச்சி காட்டாதீங்க, அறிவுரை சொல்லாதீங்க, புண்ணியம் கிடைக்கும்னும் சொல்லாதீங்க. பாத்துக்கிறவங்க நிறைய பேருக்கு இந்த நினைப்பு வரும், வாய விட்டு சொல்ல ஒரு இடம் இருந்தா அது அப்படியே கடந்து போயிரும்.

அதே மாதிரி "ஏதாச்சும் உதவி வேணும்னா சொல்லுங்க"ன்னு சொல்றத விட்டுருங்க. சொல்ல மாட்டாங்க. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வந்து உக்காந்திருக்கேன், நீங்க சந்தைக்கு போயிட்டு வாங்க", "இன்னைக்கு குழம்பு நான் கொண்டாரேன்", இப்படி நாளும் நேரமும் வச்சு சொல்லுங்க. எதுத்த வீட்டு டீச்சர் ஒருத்தங்க செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை இட்லி மாவு குடுத்துட்டுப் போறாங்க, யாரும் கேக்கல அவங்கள. கடைத்தெருவுல பால் பூத்காரரு, அயர்ன் வண்டிக்காரரு எல்லாருகிட்டயும் அம்மா போட்டோவ காட்டி, இவங்க தனியா வந்தா உக்கார வச்சு போன் பண்ணுங்கன்னு அண்ணன் நம்பர் குடுத்து வச்சிருக்கோம். அம்மா சேலை முந்தியில உள்பக்கமா ஒரு துணிப்பட்டி தச்சு அதுலயும் நம்பர் இருக்கு. தெருவே கண்ணு வச்சிருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் மதினி பகல்ல கொஞ்சம் கண்ண மூடுறாங்க.

இப்ப அம்மாவுக்கு முழுங்குறது சிரமமா ஆரம்பிச்சிருக்கு, தண்ணி குடிச்சா புரை ஏறுது. டாக்டர் கொஞ்சம் கெட்டியா, கூழ் பதத்துல, உக்கார வச்சு, சின்ன ஸ்பூன்ல குடுக்கச் சொல்லியிருக்காரு. ஒரு வேளை சாப்பாட்டுக்கு முக்கா மணி நேரம் ஆகுது, அதுல மத்தியான வேளைய அந்த சாயங்கால அக்காவே முன்னாடி வந்து செய்றேன்னு சொல்லியிருக்காங்க, சம்பளத்த கூட்டிட்டோம். அடுத்து மூக்கு வழியா டியூப் போடுறதா வேண்டாமாங்கிற கேள்வி வரும். இந்த நோய் முத்தின கட்டத்துல டியூப் போட்டா ஆயுசு கூடும்னோ புரை ஏறுறது நிக்கும்னோ ஆதாரம் இல்ல, கையால பொறுமையா ஊட்டுறதுதான் நல்லதுன்னு முதியோர் மருத்துவ டாக்டருங்க சொல்றாங்க. இத அந்த நேரத்துல ஆஸ்பத்திரி வராண்டாவுல வச்சு மதினிகிட்ட கேட்டா அவங்க என்ன சொன்னாலும் நாளைக்கு ஒரு சொந்தம் வந்து "நீ அன்னைக்கு டியூப் போட விட்டிருந்தா"ன்னோ "நீ ஏன் டியூப் போட்டு இழுத்தடிச்ச"ன்னோ கேக்கும். அதனால போன தடவ எல்லாரும் கூடினப்ப, சித்தியும் இருந்தாங்க, டாக்டர் சொன்னத வச்சு பேசி, டியூப் வேண்டாம், ஐசியூ வேண்டாம், வலி இல்லாம வீட்டுலயே பாத்துக்கிறதுன்னு எங்க குடும்பத்து முடிவ ஒரு பேப்பர்ல எழுதி டாக்டர் பைல்ல வச்சிட்டோம். அதுல அண்ணனும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கோம். மதினி பேனாவ எடுத்தாங்க, நீ போட வேண்டாம், யாராச்சும் கேட்டா எங்ககிட்ட வந்து கேக்கட்டும்னு அண்ணன் வாங்கி வச்சுட்டாரு.